இருபத்தொன்பது டிகிரியில் திறக்கும் மடை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் முத்தையாபுரம் தாண்டியதும் குழந்தைகள் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார்கள். முள்ளக்காடு வரும்போது சாலையோரம் வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள். சில குவியல்கள் ஓலை வேய்ந்த குடிசைபோல இருக்கும். சிலவற்றின் மேல் தார்ப்பாய். அவற்றுக்கு நடுவே கண்ணாடித் துண்டுகளைப் பதித்ததுபோலப் பாத்திகள். முருகனைப் பார்க்கப் போகிற அவசரத்தில் பஸ் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும்.

அந்தப் பாத்திகளில் அப்போது வேலை பாதி முடிந்திருக்கும். உப்பளத்துக்குக் காலை என்பது விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. வெயில் ஏறினால் வெள்ளைத் தரையில் கண்ணைத் திறக்க முடியாது என்பதால், நட்சத்திரம் மறைவதற்குள் பெண்களும் ஆண்களும் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். நீளக் கம்பில் பலகை பொருத்திய வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஒரு வேலை. அதைத் தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பது அடுத்த வேலை. ஈர உப்பிலிருந்து வடியும் நீர் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் அந்தக் கையும் உப்புக்கைதான்.

தமிழ்நாட்டின் உப்பு என்றாலே தூத்துக்குடிதான். நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. வடக்கே வேப்பலோடை, தருவைகுளம் முதல் தெற்கே ஆறுமுகநேரி வரை கரையோரம் அளங்கள் நீள்கின்றன. மழை குறைவு, வெயில் அதிகம், காற்று ஓயாது, நிலம் களிப்பாங்கானது. விவசாயிக்கு இவற்றில் முக்கால்வாசி சாபம். அளத்துக்காரருக்கோ நான்குமே வரம்.

உப்பளம் என்றால் கடல்நீரைத் தேக்கி வெயிலில் காயவிடுவது, அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிக் காயவிட்டால் கிடைப்பது வாயில் வைக்க முடியாத ஒரு கசப்புக் கலவை. கடல்நீரில் இருப்பது ஓர் உப்பு அல்ல, பல உப்புகள். ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் கரைந்திருக்கிறது. அதில் சுமார் 27 கிராம்தான் சமையலறைக்கு வரும் சோடியம் குளோரைடு. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கு அளத்தில் இயந்திரம் கிடையாது. எது முதலில் படியும், எது கடைசியில் படியும் என்ற வரிசையை இயற்கையே வைத்திருக்கிறது. அந்த வரிசையில் எங்கே தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில்.

அதற்கு அளத்தில் இருக்கும் ஒரே கருவி, கண்ணாடியில் செய்த ஒரு மிதவைக் குழாய். தண்ணீரில் விட்டால் செறிவுக்கு ஏற்ப உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. இங்கே அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘டிகிரி’ என்றால் போதும். அளத்தில் டிகிரி என்ற சொல்லுக்கு வெயிலோடு சம்பந்தமே இல்லை.

கடல்நீர் உள்ளே வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி. தூத்துக்குடி வட்டாரத்தில் பல அளங்கள் கடலை நேரடியாக எதிர்பார்ப்பதில்லை. போர் போட்டு நிலத்தடி உப்புநீரை எடுக்கிறார்கள். அது பல இடங்களில் கடலைவிடச் செறிவானது. காயவைக்கும் நாட்கள் மிச்சம். எந்த நீரானாலும் முதலில் தெப்பத்தில் தேங்கும். அங்கே முதலில் படிவது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். சிப்பியும் சங்கும் பவளமும் கடலிலிருந்து எடுத்துத் தம் ஓட்டைக் கட்டிக்கொள்வதும் இதைத்தான். அந்தப் பவளத்தையே வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் அனுப்பிய காலம் தூத்துக்குடிக்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். பாத்தியின் அடியில் ஊசி ஊசியாய், காலைக் கிழிக்கும். அதைத் தனியாகச் சேர்த்தால் சிமென்ட் ஆலைக்குப் போகும். தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து 25 டிகிரியை எட்டும்போது, உள்ளே வந்த கடல்நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். மற்ற ஒன்பது பங்கும் ஆகாயத்துக்குப் போய்விட்டது. அப்போது தண்ணீரின் மேல் மெல்லிய ஆடைபோல ஏதோ மிதக்கும். பிறகு கனம் தாங்காமல் அடியில் உட்காரும். அதுதான் உப்பு.

இந்தக் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு மாறும். சாயம் கலந்துவிட்டார்களோ என்று வெளியூர்க்காரர்கள் சந்தேகப்படுவதுண்டு. வேறு எதுவும் பிழைக்க முடியாத உப்பில் பிழைக்கிற நுண்பாசியும் நுண்ணுயிரிகளும்தான் காரணம். அவற்றுக்குள் இருப்பது கேரட்டுக்கு நிறம் தருகிற நிறமியின் குடும்பம். அந்தப் பாசியைத் தின்னும் சின்ன உப்புநீர் இறால், அதைத் தின்னும் பூநாரை என்று நிறம் கைமாறுகிறது. பறவையின் இறகில் இருக்கிற இளஞ்சிவப்பு பாத்தித் தண்ணீரில் தொடங்கியது.

தண்ணீர் 29 டிகிரியைத் தொட்டதும் மடையைத் திறந்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நாள் ஆசைப்பட்டாலும் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து படியத் தொடங்கும். அளத்தில் எஞ்சும் அந்தத் தண்ணீருக்கு ‘நஞ்சு’ என்று பெயர். அது வெளியேறும் வாய்க்கால் நஞ்சோடை. அவ்வளவு கசப்பு. ஜப்பானில் இதே கசப்பு நீரை வைத்துத்தான் சோயா பாலைத் திரித்து ‘டோஃபு’ செய்தார்கள். குஜராத்தின் பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம், இந்தக் கழிவு நீரிலிருந்து பொட்டாஷும் மெக்னீசியமும் எடுக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. நம் ஊர்ச் சிறு அளங்களில் அதற்கெல்லாம் வசதி ஏது? நஞ்சு ஓடையோடு போகிறது.

ஐப்பசி அடைமழையில் வீட்டு உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கிறதே, அதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதில் ஈரம் இழுக்காது. இழுப்பது ஒட்டிக்கொண்டு வந்த மெக்னீசியம் குளோரைடு. நஞ்சைச் சரியாக வடிக்காத உப்புதான் ஜாடியில் அழும். இன்னொன்று, கடலில் அயோடின் இருந்தாலும் அது மிகச் சொற்பம். உப்பு படியும்போது கூடவே வந்து சேர்வதும் இல்லை. அதனால்தான் அதைத் தனியாகக் கலக்கிறார்கள். ‘கடலுப்பு’ என்று எழுதியிருப்பதாலேயே அயோடின் இருக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

இவ்வளவு உப்பும் கடலுக்கு எங்கிருந்து வந்தது? ஆறுமுகநேரிக்குப் பக்கத்திலேயே பதிலில் ஒரு பகுதி கிடைக்கும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளைக் கரைத்து எடுத்துவரும் நீர் அது. ஆற்று நீரில் சோடியத்தைவிடக் கால்சியம்தான் பொதுவாக அதிகம். ஆனால், கால்சியத்தைச் சிப்பியும் பவளமும் எடுத்துக்கொள்கின்றன. சோடியத்துக்குக் கடலில் அவ்வளவு கிராக்கி இல்லை. அதனால், அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கிச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. குளோரைடில் பெரும்பங்கு எரிமலைகள் கொடுத்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் சோதித்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முக்கிய உப்புகளுக்கு இடையிலான விகிதம் எல்லாப் பெருங்கடல்களிலும் ஏறத்தாழ ஒன்றேதான் என்பது உறுதியானது. பிரான்ஸில் பிறந்த ஓர் அளவுகோல் முள்ளக்காட்டில் பிசகாமல் வேலை செய்வது அதனால்தான்.

உப்பு அரசாங்கங்களையும் விட்டுவைத்ததில்லை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யத்திலும் இதே தொழில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு உப்பு மத்திய அரசின் பட்டியலில் வந்தது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பது ஜெய்ப்பூரில். கடலே இல்லாத ஊரில் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். பக்கத்தில் சாம்பார் என்ற உப்பு ஏரி இருக்கிறது.

ஆனால், அளத்தில் நிற்பவர்களின் கணக்கு வேறு. பாத்தியின் ஜிப்சம் கிழித்த காலில் 25 டிகிரித் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. புண் ஆறுவதற்கு உலர்ந்த நாட்கள் வேண்டும். வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. பூட்ஸ் போட்டால் உள்ளே இறங்கும் உப்புநீர் தோலை உரசி இன்னும் அரிக்கிறது. வெள்ளைத் தரையின் பிரதிபலிப்பு ஆண்டுக்கணக்கில் கண்ணில் விழுகிறது. சுற்றிலும் தண்ணீர்; குடிக்க மட்டும் வீட்டிலிருந்து தூக்கு வாளியில் கொண்டுபோக வேண்டும். ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களோடு பழகி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் படித்துவிட்டு இன்று அளத்துக்குப் போகிறவருக்கு, போரும் மோட்டாரும் லாரியும்தான் புதிதாகத் தெரியும். வாருபலகை அப்படியே இருக்கிறது.

அளத்தில் எல்லோரும் பயப்படுவது மழைக்கு. சித்திரையில் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டினால் 24 டிகிரிக்கு ஏறிய தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். படிந்த உப்பு கரையும். வாரக்கணக்கான வெயில் ஒரு மணி நேரத்தில் வீண். முதலாளிக்கு அது நஷ்டம். கூலிக்காரருக்கோ, தண்ணீர் மறுபடி டிகிரி ஏறும்வரை வேலையே இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை எப்படியும் அளம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மூன்று மாதங்களுக்கு அது எத்தனை நாள் அரிசி என்பதை வீட்டுச் செலவு பார்ப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் வந்தது வேறு மாதிரி மழை. ஆறுமுகநேரியை ஒட்டிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். ஓலை வேய்ந்து பத்திரப்படுத்திய அம்பாரங்கள் கரைந்து ஓடின. வரப்புகள் உடைந்து, எது தெப்பம், எது பாத்தி என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தது. கடலிலிருந்து மாதக்கணக்கில் பிரித்தெடுத்தது கடலுக்கே போய்ச் சேர்ந்தது.

வெள்ளமானாலும் சாதாரண மழைக்காலமானாலும் தை பிறந்தபின் வேலை ஒன்றுதான். தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வழித்து, வரப்பு கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று, அடிமேல் அடி வைத்து, களி இறுகும்வரை மிதிக்கிறார்கள். தரை இளகியிருந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும்; உப்பும் அழுக்காகும். மழை மாதங்களில் சற்று ஆறியிருந்த பாதங்கள் மறுபடி வெடிக்கத் தொடங்கும் நேரம் அது. மிதித்து முடித்த பாத்தியில் ஈரம் சற்றுக் காய்ந்ததும், தெப்பத்தின் மடையைத் திறந்து முதல் தண்ணீரை விடுகிறார்கள்.