ஓடுபாதையை ஒட்டிய வீட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி



பசிபிக் பெருங்கடலின் நடுவே துவாலு என்றொரு நாடு இருப்பதைச் சென்ற ஆண்டு வரை நாங்கள் அறிந்ததில்லை. ஃபிஜியின் தலைநகரான சுவாவில் பணிபுரியும் எங்கள் மகனைக் காணச் சென்றிருந்தோம். அலுவல் நிமித்தமாக அவன் மூன்று நாள் துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டிக்குச் செல்ல நேர்ந்தது. "வாப்பா, நீங்களும் உம்மாவும் இங்கே தனியாக இருக்க வேண்டாம், என்னுடன் வாருங்கள்" என்றான். பயணத்திற்கான துஆவை ஓதிக்கொண்டு புறப்பட்டோம்.

சுவாவிலிருந்து வாரத்தில் சில நாட்களே விமானம் உண்டு. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பின்னர் நீலத்தின் நடுவே ஒரு கயிற்றை வளைத்துப் போட்டதுபோல் தீவு தோன்றியது. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் காயல், இடையே ஒடுங்கிய நிலம். அதன் மிக அகன்ற பகுதியே நானூறு மீட்டர் அளவுதான். அந்தப் பகுதியில்தான் ஓடுபாதை கிடக்கிறது. விமானம் வருமுன் சங்கொலி எழுப்பி, அங்கே நடமாடும் மனிதர்களையும் நாய்களையும் விலக்கிவிடுகிறார்கள். விமானம் போனபின் அதே இடம் ஊரின் திடலாகிவிடுகிறது. மாலையில் சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். புழுக்கம் மிகுந்த இரவுகளில் பாயை விரித்து உறங்குவோரும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டில், அமெரிக்கப் படையினர் அமைத்த பாதை அது. நிலத்தை மேடாக்குவதற்காகத் தீவின் பவளக் கல்லையே தோண்டி எடுத்தனர். தோண்டிய பள்ளங்கள் பல பத்தாண்டுகள் உவர்நீரும் குப்பையுமாய்த் தேங்கிக் கிடந்தன. நியூசிலாந்தின் உதவியோடு 2015ஆம் ஆண்டில்தான் அவை நிரப்பப்பட்டன. எங்களைச் சுமந்துவந்து இறக்கிய பாதைக்கு அந்தச் சின்னஞ்சிறு தீவு தன் உடம்பிலிருந்தே விலை கொடுத்திருக்கிறது.

ஓடுபாதையை ஒட்டிய ஒரு விடுதி வீட்டில் தங்கினோம். அதை நடத்துபவர் கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர். பன்றி இறைச்சியும் ஹலால் அல்லாத பிற இறைச்சியும் உண்ணமாட்டோம் என்று மகன் சொன்னதும், மூன்று நாளும் மீனும் தேங்காய்ப்பாலுமாகச் சமைத்துத் தந்தார். கிப்லா எத்திசை என்று பார்த்தபோது எங்களுக்கு வியப்பு. தமிழகத்தில் நாம் மேற்கே, சற்று வடக்காகத் திரும்பித் தொழுகிறோம். அத்தனை கடல்களைக் கடந்து வந்த பின்னும் அதே திசைதான். காயலை நோக்கி முசல்லாவை விரித்தோம்.

முதல் நாள் ளுஹர் நேரம். ஊரில் செய்வதைப் போலவே குழாயைத் திறந்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக உளூச் செய்தோம். நிய்யத்து வைக்கும்போதும் நீர் ஓடியது. தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் ஓடியது. வெளியே வந்தபோது அந்த மூதாட்டி வீட்டுச் சுவரோரம் நின்ற தொட்டியை விரல்முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். தொட்டியின் பாதிக்கும் கீழே வந்த பின்னரே ஒலி மாறியது. எங்களைக் கண்டதும் புன்னகைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மகன்தான் பின்னர் விளக்கினான். அந்தத் தீவில் ஆறில்லை, ஓடையில்லை. நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது. கூரையில் விழும் மழைதான் தொட்டிக்கு வந்து சேர வேண்டும். 2011ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. குடும்பம் ஒன்றுக்கு நாளொன்றில் இரண்டு வாளித் தண்ணீரே பங்கிட்டுத் தரப்பட்டதாம். நாங்கள் சென்றபோதும் சில வாரங்களாக நல்ல மழை இல்லை. அதை அந்த அம்மையார் எங்களிடம் சொல்லியிருக்கலாம். விருந்தினரின் வணக்கத்தில் குறுக்கிட மனம் வராமல் வாய்மூடி இருந்தார்.

அன்று நாங்கள் அடைந்த வெட்கம் சிறிதன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது நாங்கள் சிறு வயதில் மதரஸாவிலேயே படித்த பாடம். முத்து என்பது இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவு என்று உஸ்தாது கையைக் குவித்தே காட்டியிருக்கிறார். அதைத் தேர்வுக்கு எழுதினோம், கைக்குக் கொண்டுவரவில்லை. இறைவனை நெருங்குவதற்காகச் செய்த தூய்மையில் அண்டை வீட்டாரின் குடிநீரைச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தோம்.

அடுத்த வேளை முதல் ஒரு குவளை நீரை எடுத்துக்கொண்டோம். முதலில் போதுமோ என்ற ஐயம் இருந்தது. மெல்ல ஊற்றி, நன்றாகத் தேய்த்துக் கழுவியபோது மிச்சமே இருந்தது. அன்று மாலை ஓடுபாதையின் ஓரத்தில் மஃரிப் தொழுதோம். சிறுவர்களின் பந்து எங்கள் முசல்லாவுக்கு அருகே உருண்டு வந்து நின்றது. நாங்கள் ஸலாம் கொடுக்கும் வரை ஒருவனும் அதை எடுக்க வரவில்லை.

அந்தச் சிறுவர்கள் வளர்ந்தபின் எங்கே வாழ்வார்களோ! கடல்மட்டம் உயர்ந்து வருவதால் ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தம் 2023ஆம் ஆண்டில் கையெழுத்தாயிற்று. நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழப் பதினோராயிரம்தான்.

விடைபெறும்போது அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். "மழை வரும்" என்று மட்டும் சொன்னார். விமானம் மேலெழும்பும்போது நாங்கள் கேட்ட துஆவும் அந்த மழைக்காகத்தான்.

ஊர் திரும்பியதும் குழாயின் கீழ் வாளியை வைத்துப் பார்த்தோம். ஒருவர் வழக்கம்போல் உளூச் செய்ய எட்டு லிட்டர் செலவாயிற்று. ஐவேளைக்கு நாற்பது லிட்டர். அங்கே வறட்சியில் ஒரு குடும்பம் ஒரு நாளைக் கழித்த அளவு! இப்போது எங்கள் குளியலறையில் ஒரு சொம்பு இருக்கிறது. மறந்து குழாயைத் திறந்துவிடும் நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் தொட்டியைத் தட்டும் அந்த ஒலி நினைவில் கேட்கிறது, மூடிவிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை வாளியை வைத்துப் பாருங்கள். தந்த அருட்கொடைகளின் அருமையை, அவை குறையுமுன்பே உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.