காலம் குறிக்காத பிரிவு

முல்லைத்திணையின் உரிப்பொருள் இருத்தல் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். பிரிந்து செல்லும் தலைவன் கார்காலத்தில் திரும்புவேன் என்று பருவம் குறித்துச் செல்கிறான். தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணி ஆற்றியிருக்கிறாள். கார் எப்படியும் வரும் என்பதால் அந்தக் கோடுகளுக்குப் பொருள் உண்டு. பருவமே குறிக்கப்படாத காத்திருப்பை எந்தத் திணையில் வைப்பது என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது என் தம்பியின் குடும்பம்.

தம்பி கணிப்பொறித் துறையில் இருக்கிறான். 2011-இல் எச்-1பி விசாவில் மனைவியோடும் நான்கு வயது மகனோடும் நியூ ஜெர்சிக்குப் போனான். 2013-இல் அங்கே மகள் பிறந்தாள். 2015 மே மாதத்தில் அவனுடைய நிறுவனம் கிரீன் கார்டுக்கான முதற்படியாகத் தொழிலாளர் சான்றுக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பித்த அந்த நாளே அவனது ‘பிரையாரிட்டி டேட்’. வரிசையில் அவன் நிற்கும் இடம். மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தேதியை அறிவிக்கும். நம் தேதி அதற்கு முற்பட்டதாயின் நம் முறை வந்துவிட்டது.

வரிசையின் நீளத்துக்குக் காரணம் எளிய கணக்கு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவழிக் குடியேற்றத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை ஒதுக்கியது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் ஏழு விழுக்காடே உச்சவரம்பு. தம்பி நிற்கும் இரண்டாம் பிரிவில் இந்தியாவுக்கு அது சுமார் 2,800 இடங்கள். மனைவியும் மக்களும் இதற்குள்ளேயே அடக்கம். பிறர் பயன்படுத்தாமல் மிஞ்சுவது சில ஆண்டுகளில் வந்து சேரும். அதை நம்பி நாள் எண்ண முடியாது.

குறுந்தொகையில் கோவர்த்தனாரின் பாடல் ஒன்றுண்டு. கொன்றை பூத்துவிட்டது, அவர் வரவில்லையே என்று கலங்கும் தலைவியிடம், இது கார் அன்று, காலமல்லாக் காலத்து மழை, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தேற்றுகிறாள். அத்தகைய மழையொன்று 2022-இல் பெய்தது. கொரோனாக் காலத்தில் தூதரகங்கள் அடைபட்டதால் குடும்பவழி விசாக்கள் பல வழங்கப்படாமல் நின்றன. அவை அடுத்த நிதியாண்டில் வேலைவழி வரிசைக்கு வந்தன. இரண்டாம் பிரிவின் தேதி விரைந்து நகர்ந்து 2014 டிசம்பர் 1-ஐத் தொட்டது. தம்பிக்கு இன்னும் ஐந்தே மாதத் தொலைவு. “அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்துடுவோம்க்கா” என்றான். மருத்துவப் பரிசோதனைக்கும் ஆயத்தமானான். அவ்வாண்டு டிசம்பரில் தேதி 2011 அக்டோபர் 8-க்குப் பின்வாங்கியது. 2023-இல் 2011 ஜனவரி 1-க்குப் போயிற்று. தோழிக்கு ஒரு வசதி இருந்தது: அவள் சொன்னது அன்பினால் சொன்ன பொய், உண்மையான கார் அங்கே வந்தே விட்டது. இங்கே மழை பொய், கார் எப்போது என்று எவருக்கும் தெரியாது. தம்பியைத் தேற்ற எனக்கு எந்தப் பருவத்தின் பெயரும் கிடைக்கவில்லை.

தம்பியாவது காத்திருக்கலாம். மனு ஏற்கப்பட்டுவிட்டதால் ஆறாண்டு வரம்பைக் கடந்தும் எச்-1பி நீட்டிப்புக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. மகனால் காத்திருக்க இயலாது. 2028-இல் அவனுக்கு இருபத்தொரு வயது நிறையும். அதற்குள் முறை வராவிட்டால் அவன் தந்தையின் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடுவான். மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடம் தருகிறது. ஆனால் கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவாகக் கேட்டதால் தம்பியின் மனு பதினைந்து நாட்களுக்குள் ஏற்கப்பட்டுவிட்டது. கழிக்கக் கிடைப்பது அந்தப் பதினைந்து நாட்களே. தாமதமாகியிருந்தால் பிள்ளைக்கு நன்மையாக முடிந்திருக்கும்.

தங்கை பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகள். 2034-இல் இருபத்தொரு வயதானதும் பெற்றோருக்காக அவளே மனுச் செய்யலாம். பெற்றோருக்கு வரிசை கிடையாது. அண்ணனுக்குச் செய்தால் அது வேறொரு நெடிய வரிசை. ஒரே மேசையில் உண்ணும் இருவருக்கும் காலம் இரண்டு விதமாக ஓடுகிறது.

மாணவர் விசாவுக்கு மாறுவதே அவனுக்கு இப்போதுள்ள வழி. அதைப் பெறுகிறவர் படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பும் எண்ணமுடையவர் என்று காட்ட வேண்டும். நான்கு வயதில் கிளம்பிவந்த பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்புவதாகச் சொல்வான்?

சென்ற மாதம் அவனே தொலைபேசியில் அழைத்தான். “அத்தை, ஃபார்ம்ல இந்தியா அட்ரஸ் கேக்கறாங்க. நம்ம வீட்டு அட்ரஸ் கரெக்டா சொல்றீங்களா?” கதவு எண், தெரு, மன்னார்குடி என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தெருவின் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. கூடத்திலிருந்து அம்மா, “யாருடி, பேரனா? வரானாமா?” என்று கேட்டாள். “இப்போதைக்கு விலாசம் மட்டும் கேக்கறான்மா” என்றேன்.