48 கட்டங்கள்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடிகிறது. அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48. விவரம் தெரிந்த யாரோதான் அந்த 4 மணியை வைத்திருக்க வேண்டும். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெருவில் அந்நேரம் விளக்கு எரிவது அடுப்படிகளில்தான்.

2019 கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். அப்படி வேலை செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. நமக்கு 10 நிமிடம் குறைந்ததே என்று மகிழப் போனால், அவர்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முக்கியமானதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். எது முக்கியம் என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் வில்லங்கம். சேலத்தில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள், உறவுக்காரர் விசேஷங்கள், மகளிர் சுயஉதவிக் குழு என்று மூச்சு முட்டியபோது, எதை விடலாம் என்று வீட்டில் கேட்டேன். யாருக்கும் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"அந்தக் குழுவை விட்டுரு கண்ணு. அதுல என்ன சம்பளமா வருது?" என்றார் அத்தை.

சம்பளம் வராதது அடுப்படியிலும்தான்.

ஒரு வாரம் நானே 48 கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். குழுவுக்குப் போனது வாரம் முழுக்கச் சேர்த்து 5 கட்டம். காலையில் பெரியவளுக்குச் சப்பாத்தி, சின்னவனுக்குத் தோசை, அத்தைக்குச் சோறும் ரசமும், அவருக்கு டிபன் பாக்ஸில் வேறொன்று என்ற நாலு தினுசுக்கு ஒரே நாளில் 5 கட்டம். விசேஷங்களை எழுதக் கட்டம் போதவில்லை. மொய் நோட்டில் இருப்பது அவர் பெயர். முதல்நாளே போய்க் காய் நறுக்கி, பந்தி பரிமாறிவிட்டு வருவது நான்.

இந்தக் குழுக்களின் கதை 1989இல் தர்மபுரியில் தொடங்குகிறது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தது. குழுவில் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். வங்கிக்கு நடப்பதும் தவணை கட்டாதவள் வாசலில் போய் நிற்பதும் பெண்கள் தலையில் ஏறிய இன்னொரு கூலியில்லா வேலைதான். ஆனால் வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசுக்குக் கூலிவேலை செய்யும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். வட்டிக்காரரின் பைக் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர். குழுக் கடன் வாங்கி அந்தக் கணக்கை முடித்தார். அதற்கான தீர்மானத்தை நோட்டில் எழுதியது என் கை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மருமகள் என்றில்லாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடமும் அதுதான். குழுவை வைத்துக்கொண்டேன்.

காலையில் இப்போது ஒரே சமையல். துணி மடிப்பது பிள்ளைகள். மொய் நோட்டில் பெயர் உள்ளவர் விசேஷத்துக்குப் போகட்டும் என்றேன். அத்தை பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு முன்னால் இந்த 4 மணியை நாற்பது வருடம் பார்த்தவர் அவர். உண்மையில், நான் இறக்கிவைத்தது நேராக அவர் தலையில் ஏறாமல் பார்ப்பதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"நீ விடு, அம்மா பாத்துக்குவாங்க" என்றார் என் கணவர்.

"அம்மா இல்லைங்க. நீங்க."

வசதி கொஞ்சம் கூடிய வீடுகளில் அந்த 'அம்மா' இருக்கும் இடத்தில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் இருப்பாள். இங்கே குறையும் கட்டங்கள் அவளுடைய நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அவள் வீட்டிலும் 4 மணிக்கு ஓர் அடுப்பு உண்டு.

வாரத்தில் மூன்று நாள் இப்போது அவர் சமைக்கிறார். சட்னியில் உப்பு ஒரு நாள் போல் ஒரு நாள் இருப்பதில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுவிடுகிறார்கள், அத்தை மட்டும் தட்டைத் தள்ளிவைக்கிறார். போன மாதம் ஒரு காதுகுத்துக்கு அவர் தனியாகப் போய் வந்தார். "எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க" என்றார். பந்தியில் பரிமாற ஆள் போதவில்லையாம்.