முகமில்லாத உண்டியல்

டேமியன் ஹர்ஸ்டின் 'சாரிட்டி' என்ற சிற்பத்தை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 2002-03இல் செய்தது. வெண்கலம், 22 அடி உயரம். காலில் இரும்புச் சட்டம் மாட்டிய ஒரு சிறுமி, ஒரு கையில் கரடி பொம்மையும் மறு கையில் உண்டியலுமாக நிற்கிறாள். உண்டியலை யாரோ நெம்பித் திறந்திருக்கிறார்கள். காலடியில் கடப்பாரை, சிந்திய சில காசுகள்.

சிறுமி ஹர்ஸ்டின் கற்பனையில் உதித்தவள் இல்லை. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக நிதி திரட்டிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற சங்கம், பிரிட்டனில் கடை வாசல்களில் அந்தச் சிறுமியின் பொம்மையைத்தான் பல வருஷங்கள் நிறுத்தி வைத்திருந்தது. போகிறவர் வருகிறவர் காசு போடுவார்கள். 1994இல் அந்தச் சங்கம் தன் பெயரையே ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கிடையில் வசைச் சொல்லாகியிருந்தது. பொம்மைகளும் வாசல்களிலிருந்து போய்விட்டன.

ஹர்ஸ்டிடம் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஒன்றைப் பெரிதாக்கிவிட்டால் அது அர்த்தம் கொண்டுவிடும் என்று நம்புகிறவர் அவர். நம் நண்பர்கள் சிலர் ஒரு சொல்லைத் தனி வரியில் போட்டுவிட்டால் கவிதையாகிவிடும் என்று நம்புவது மாதிரி. இருந்தும் அந்தப் படத்தை என்னால் புரட்டிக் கடக்க முடியவில்லை. அதற்குக் காரணம் கலை சம்பந்தப்பட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். 1998. அரிசி மில்லில் வேலை பார்த்த அப்பா ஆடி மாசத்தில் இறந்துபோனார். பதினாறு கழிந்து பள்ளிக்கூடம் போன அன்றைக்கே தலைமையாசிரியர் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் பிளவு வெட்டி என் கையில் கொடுத்தார். ஒரு வாத்தியார் என் தோளில் கை வைத்து ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போனார். வகுப்புக்கு வகுப்பு ஒரே வாக்கியத்தைச் சொன்னார். பிள்ளைகள் டின்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் காசு போடுவதற்கு முன்னால் என் சட்டைப் பொத்தான்களை எண்ணினான், ஒன்று இல்லை. எவ்வளவு சேர்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2023 மே மாதம் மூன்று வாரம் லீவு போட்டு அக்காவைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். அக்கா கார்ன்வாலில் பென்சான்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அத்தானுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை. பகலில் தூங்கியது போக மிச்ச நேரத்தில், சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன இல்லத்துக்காக உண்டியல் வைக்கிற வேலையைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பப், சாப்பாட்டுக் கடை, மீன் வறுவல் கடை என்று இருபதுக்கும் மேல் இடங்கள். நிறைந்த பெட்டியை எடுத்துக்கொண்டு முத்திரையிட்ட காலிப் பெட்டியை வைத்துவிட்டு வர வேண்டும். துணைக்கு நான்.

இதில் சட்டம் செய்திருக்கும் ஒரு வேறுபாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பப்பாக ஏறி இறங்கி ஆட்களிடம் பெட்டியை நீட்டினால் அது 1939ஆம் வருஷத்து வீடுவீடாக வசூல் சட்டத்துக்குள் வந்துவிடும், உரிமம் வேண்டும். ('வீடு' என்பது வியாபார இடத்தையும் குறிக்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் சொல்கிறது.) கடைக்காரர் சம்மதத்தோடு பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டால் அந்த உரிமம் தேவையில்லை. சட்டம் எழுதியவன் என்ன நினைத்தானோ, கேட்கும் முகம் வேறு, கேட்காத பெட்டி வேறு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பப்பை நம்மூர் டாஸ்மாக் பாரை வைத்துக் கற்பனை செய்யக்கூடாது. கிழவிகள் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நாய் படுத்திருக்கிறது, குழந்தை உருளைக்கிழங்கு தின்கிறது. குடிக்கிற இடத்தில் தர்மப் பெட்டி வைப்பது அங்கே யாருக்கும் முரணாகத் தெரியவில்லை. மீதிச் சில்லறை கையில் இருக்கிறது, பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. போடுகிறவன் பேச்சை நிறுத்துவதில்லை, பெட்டியைப் பார்ப்பதுகூட இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈகையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டிருப்பதில் பாதி கொடுக்கிறவன் முகத்தையும் வாங்குகிறவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பது. இந்த அலட்சியத்துக்கு அதில் இடமில்லை.

துறைமுகத்துப் பப் ஒன்றில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. ஒரு படகு, நீலமும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக்கில் செய்த சின்னப் படகு, முதுகில் காசுப் பிளவு. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷனின் உண்டியல். 1824இல் தொடங்கிய ஸ்தாபனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள். முதலில் பணக்காரர்களின் சந்தாவை நம்பித்தான் இருந்தது. 1886 டிசம்பரில் லங்காஷயர் கடற்கரையில் 'மெக்சிகோ' என்ற கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன 27 படகுக்காரர்கள் ஒரே இரவில் இறந்தார்கள். அங்கே குடியிருந்த சார்லஸ் மகாரா என்ற பஞ்சாலைக்காரர், பணக்காரர்களை விட்டுவிட்டுத் தெருவிடம் கேட்போம் என்று 1891இல் மான்செஸ்டரில் ஊர்வலம் நடத்தினார். படகுகளைத் தெருவில் இழுத்துப் போனார்கள். மாடி ஜன்னலில் நின்றவர்களுக்கும் டிராம் வண்டியின் மேல்தட்டில் இருந்தவர்களுக்கும் எட்டும்படி நீண்ட கழிகளின் நுனியில் பை கட்டி நீட்டினார்கள். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கு மேல். விதவைகளை வண்டியில் ஏற்றிக் காட்டியிருந்தால் இன்னும் கூடச் சேர்ந்திருக்கலாம். தெருவில் போனது படகு.

மௌஸல் பென்சான்ஸிலிருந்து மூன்று மைல். (எழுதுவது எலிவளை என்று, உச்சரிப்பது மௌஸல் என்று.) அங்கே ஷிப் இன் என்ற பப்பின் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1981 டிசம்பர் 19 இரவு, எஞ்சின் நின்றுபோன 'யூனியன் ஸ்டார்' என்ற சரக்குக் கப்பலில், கேப்டனின் மனைவியையும் அவளுடைய இரண்டு பெண்களையும் சேர்த்து எட்டுப் பேர். அவர்களைக் காப்பாற்ற 'சாலமன் பிரவுன்' என்ற மரப்படகில் இந்த ஊரிலிருந்து எட்டுப் பேர் போனார்கள். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்று படகுத் தலைவர் ஒரு பையனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். அவன் அப்பா படகில் இருந்தார். நான்கு பேரை ஏற்றிக்கொண்டாயிற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். பிறகு சத்தமில்லை. 16 பேரும் போய்விட்டார்கள். படகில் போன எட்டுப் பேரில் ஒருவர் இதே ஷிப் இன்னை நடத்தியவர்.

பியர் ஊற்றிக் கொடுத்த ஆளே எழுந்து படகுக்குப் போயிருக்கிறார். அந்தக் கரையில் காசு போடுகிறவன் கடலில் விழலாம். காசை வாங்கி வைக்கிறவன் அவனை எடுக்கப் போகலாம். யார் கொடுப்பவன், யார் பெறுபவன் என்று அங்கே யாருக்கும் முகம் ஒதுக்கி வைக்க முடியாது. அதனால்தான் அவர்கள் மூழ்குகிறவனைச் செய்து வைக்காமல், போகிற படகைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. படிமம் என்று நாம் இந்தப் பக்கங்களில் இத்தனை வருஷம் அடித்துக்கொள்கிற சமாசாரத்துக்கு இதைவிடத் திருத்தமான உதாரணம் எனக்கு அகப்பட்டதில்லை.

இதைத் திரும்பும் வழியில் காரில் அத்தானிடம் சொல்லியிருக்கக்கூடாது. அவருடைய குழுவில் அப்போது ஒரு விவாதம். பெட்டியில் பெயரும் பதிவு எண்ணும் மட்டும் இருப்பதால் வசூல் குறைகிறது, எல்லோரும் அட்டையைத் தட்டிப் பணம் கொடுக்கிற காலத்தில் சில்லறையே அபூர்வம், நோயாளிகளில் சம்மதிக்கிற ஒருவரின் படத்தை ஒட்டலாம் என்று. அத்தான் ஒட்டச் சொல்கிற கட்சி. நான் அன்றைக்குத் தேவைக்கு மேல் பேசினேன். பிச்சை, காட்சிப்பொருள் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். ஹர்ஸ்டையும் இழுத்தேன்.

"மாப்ள, படம் இருந்தா ரெண்டு மடங்கு விழும். அதுல நாலு பேருக்கு ராத்திரி நர்ஸ் போடலாம். ஒனக்கு எது முக்கியம்?" என்று மட்டும் கேட்டார்.

இரவு சாப்பிடும்போது நான் விடவில்லை. அக்கா டியூட்டி முடித்துவந்த களைப்பில் இருந்தாள். பிஸ்கட் டின் கதையை நான் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பொத்தான் வரைக்கும் சொன்னேன்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது ரூவா" என்றாள் அக்கா. "அம்மை எண்ணும்போது நான்தான் பக்கத்துல இருந்தேன். தீவாளி வரைக்கும் அரிசி அதுலதான். நீ வெக்கப்பட்ட, சரி. நீயும்தாம்ல சாப்பிட்ட."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தான் என்னைப் பார்க்காமல் டிவி பார்த்தார்.

அவள் சொன்னதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. படகு உண்டியலைப் பற்றி நான் நினைத்ததும் மாறவில்லை. கடலோரத்தில் எல்லோரும் மூழ்கக்கூடியவர்கள், அதனால் முகம் வேண்டாம். என் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அப்பா செத்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் என் முகம் வேண்டியிருந்தது என்று ஒரு தர்க்கம் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாகப்போகிறவர்களின் இல்லத்துக்கு அது பொருந்தவில்லை. அங்கே எல்லோரும் படகில் இருப்பவர்கள்தான், ஆனாலும் பப்பில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்கும் அது தெரிவதில்லை.

மறுநாள் எண்ணிக்கை. முத்திரையை உடைப்பதும் எண்ணுவதும் இரண்டு பேர் சேர்ந்துதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி வீட்டில் நடக்கும். கூட எண்ண வேண்டியவருக்கு ஜுரம், அத்தான் என்னை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கோயில் உண்டியல் எண்ண எங்கள் கிளையிலிருந்து நான் மூன்று தடவை போயிருக்கிறேன், பாய் விரித்து ஐம்பது அறுபது பேர் உட்காருகிற இடம். இங்கே ஒரு சமையலறை மேஜை, ஒரு தராசு. அந்த ஊர்ச் சில்லறையில் ஒரு அழகு உண்டு. ஒரு பென்ஸ் 3.56 கிராம், இரண்டு பென்ஸ் சரியாக 7.12. இரண்டையும் எப்படிக் கலந்து போட்டாலும் ஒரு பவுண்டு மதிப்புள்ள பை 356 கிராம்தான் இருக்கும். ஐந்து பென்ஸுக்கும் பத்து பென்ஸுக்கும் இதே கணக்கு. அந்த அம்மாள் இதைச் சொல்லிக் கொடுத்தபோது, வங்கியில் இத்தனை வருஷம் இருந்தும் கேட்காத விஷயத்தைக் கேட்ட சந்தோஷம் எனக்கு.

நான் வேகமாக எண்ணினேன். அவள் அதில் அசரவில்லை. என் குவியல்கள் எல்லாவற்றையும் திரும்ப எண்ணினாள். ஒரு பெட்டியில் சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. 2017இல் செல்லாமல் போன பழைய வட்டப் பவுண்டு ஒன்று. வங்கி வாங்கிக்கொள்ளும் என்று தனியே வைத்தாள். பொத்தானை ஜன்னல் விளிம்பில் இருந்த ஜாடியில் போட்டாள், அதில் ஏற்கெனவே நிறைய இருந்தன.

துறைமுகத்துப் பப்பின் பெட்டியில் 41 பவுண்டு 37 பென்ஸ். தாளில் எழுதினாள். கீழே இரண்டு கோடுகள். முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் தள்ளினாள்.