புறப்பட நாள் கேட்கும் நோட்டு

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு நோட்டின் வயது விரலிலேயே தெரிந்துவிடும். புதுச்சேரி பெரிய மார்க்கெட் மீன்காரம்மா கட்ட வரும் பணம் ஈரமும் உப்புமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். பிரித்துப் பிரித்துத்தான் எண்ண வேண்டும். நூறு ரூபாயில் காந்தி முகமும் அசோகத் தூணும் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும்படி அச்சாகியிருக்கும். அது தேய்ந்துபோனால் நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்வையற்றவர்களுக்கோ கையில் இருப்பது எவ்வளவு என்றே தெரியாமல் போகும். அழுக்கு நோட்டைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ரிசர்வ் வங்கிக்குத் திருப்பி அனுப்புவது அதற்காகத்தான். கள்ள நோட்டு அடிக்கிறவன் கை பழகுவதற்குள் வடிவத்தையே மாற்றிவிடுவது அடுத்த படி.

ஆட்சி மாறினாலும் நோட்டு மாறும். எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் ரூபாய் நோட்டு வெளியிட்டது பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீனா வங்கி. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த நோட்டுகளின் காலமும் முடிந்தது.

நோட்டைத் திரும்பப் பெறுவதில் நான் மதிக்கும் முறை 2014-இல் நடந்தது. பின்பக்கம் அடியில் ஆண்டு அச்சிடாத நோட்டுகள், அதாவது 2005-க்கு முந்தியவை, திரும்பப் பெறப்பட்டன. கட்டவந்த பணத்திலிருந்து நாங்களே தனியாக எடுத்து வைத்தோம். வாடிக்கையாளர் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

2016 நவம்பர் 8 அப்படி இல்லை. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவோடு 500-உம் 1000-உம் செல்லாது. புதிய நோட்டுகளின் அளவு வேறு என்பதால் ஏடிஎம் இயந்திரங்களையெல்லாம் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. அதுவரை வரிசையில் நின்றவர்கள், அன்றாடம் கைக்காசை நம்பிப் பிழைப்பவர்கள். கடைசியில் ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 99.3 சதவீதம் பணம் திரும்பி வந்துவிட்டது. அந்த அவசரம் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. கள்ள நோட்டை ஒழிக்க நல்ல வடிவமும் போதிய அவகாசமும் வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாமல் ஆக்குவது ஏழையைத்தான் முதலில் அடிக்கிறது.

2023 மே 19-இல் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது அவகாசம் கொடுத்தார்கள், செல்லாது என்றும் சொல்லவில்லை. பழைய புடவை மடிப்பில் ஒன்று கிடைத்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வங்கிக் கிளையில் இப்போது வாங்க மாட்டோம். ஆனால் அஞ்சலகம் வழியாகச் சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பினால் பணம் உங்கள் கணக்கில் வரவாகும்.