பூட்டிய பார்க்கும் எதிர்வீட்டு அக்காவும்

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் கூடும் கூட்டம் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். 2020இல் அது மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. மயிலம் முருகன் உட்பட ஊர் ஊராகச் சாமிகள் வந்து தீர்த்தவாரி நடக்கிற கரை இது. சாமிகள் திரும்பிப் போனபின் மணலில் செருப்பும் மாலையும் சுண்டல் பொட்டலமும்தான் மிஞ்சும். மறுநாள் அதை வாரப் போன ஆட்களில் எங்கள் எதிர்வீட்டு அக்காவும் ஒருவர். தூக்கமில்லாத கண்ணோடு, வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி போனார்.

மாசி மகத்துக்குச் சரியாகப் பதினான்காம் நாள், கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி நள்ளிரவோடு நாடே அடங்கியது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை தனியாக நின்றது. முத்தியால்பேட்டைக்கு அப்பால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். அங்கே தடுப்பு வைத்தார்கள். அதுவரை நடந்தே போய் மீன் விற்றுவந்த எங்கள் பெண்களுக்கு அது திடீரென வேறு நாடாகிவிட்டது.

அக்காவுக்கு வழக்கமான வேலை பாரதி பூங்காவில். வவுச்சர் சம்பளம், நிரந்தரப் பணி அல்ல. பார்க்கைப் பூட்டிவிட்டார்களே, இனி வீட்டில்தானே என்று கேட்டேன்.

“செடிக்கு ஊரடங்கு தெரியுமா தம்பி? தண்ணி ஊத்தலைன்னா காஞ்சி பூடும்” என்றார்.

அந்தப் பூங்காவின் நடுவில் இருப்பது ஆயி மண்டபம். ஊருக்குத் தண்ணீர் வேண்டித் தன் மாளிகையையே இடித்துக் குளம் வெட்டினாள் ஆயி என்று சின்ன வயதில் அப்பா அங்கே உட்கார வைத்துச் சொல்வார். முத்திரைப்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்த கதை அது. அடங்கிய ஊரில், பூட்டிய கதவுக்குள் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு நடந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆயிதான் நினைவுக்கு வருகிறாள்.

தண்ணீரோடு வேலை முடியவில்லை. பெரிய மார்க்கெட் காய்கறிக் கடைகளைப் புது பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றியபோது அக்கா போன்ற பூங்கா ஆட்களையும் அங்கே அனுப்பினார்கள். ஆட்கள் இடைவெளி விட்டு நிற்க வட்டம் போட வேண்டும். அக்கா துடைப்பக்கட்டையை நடுவில் ஊன்றி, அதில் கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்து கோடு கீறினார். பிறகு கோலம் போடுகிற விரலால் அதன்மேல் சுண்ணாம்புத் தூளை விட்டார். பஸ் நிற்கிற தரையில் அவ்வளவு திருத்தமான வட்டங்களை நான் பார்த்ததில்லை. மாலையில் பிளீச்சிங் பவுடர் தெளித்துவிட்டு வருவார். உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணைக்கு வெளியே, எங்களைவிட்டுத் தள்ளி உட்காருவார். பேரப்பிள்ளையைக்கூடத் தூக்க மாட்டார். இப்படி இடம் மாறியது எங்கள் ஊரில் மட்டுமல்ல. திருச்சியில் காந்தி மார்க்கெட் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. சென்னை நந்தம்பாக்கத்தில் வர்த்தக மையம் நோயாளிகளுக்குப் படுக்கை போட்ட இடமானது. விளையாட்டுக்கும் கண்காட்சிக்கும் இருந்த இடங்களெல்லாம் அடுத்தடுத்து வேறு வேலைக்கு மாறின. அங்கே கூட்டிப் பெருக்கியவர்களும் கூடவே மாறினார்கள்.

அந்த நவம்பரில் நிவர் புயல் வேறு. விழுந்த மரங்களை இதே ஆட்கள்தான் முகக்கவசத்தோடு அறுத்து இழுத்தார்கள். அடுத்த மாசி மகமும் வந்தது, 2021 பிப்ரவரி 27. சாமி பார்க்க நின்ற நான் கரையில் அக்காவைத்தான் தேடினேன். கையில் கோணிப்பையோடு ஓரமாக நின்றிருந்தார். இரண்டே மாதத்தில் இரண்டாம் அலை. அதைப் பற்றி எழுத இன்னும் மனம் வரவில்லை.

தொற்று முடிந்ததும், அக்கா போன்றவர்களை முன்களப் பணியாளர் என்று சொல்லிக் கைதட்டியதையும் மறந்தோம். இவர்கள் கேட்பது கைதட்டலும் அல்ல, பணி நிரந்தரமும் மாதம் தவறாத சம்பளமும்தான். அது நியாயம். அடுத்த முறை அதற்காக அவர்கள் சாலையோரம் உட்கார்ந்தால், காலையில் அவர்கள் பெருக்கிய பாதையில் நடக்கிற நாமும் போய்ப் பக்கத்தில் உட்காருவோம்.