மெருகு போடாதீங்க!

ஒர்க் ஷாப்பில் முதல் நாளே நமக்குச் சொல்லித் தருவது என்ன? துருவை எடு, எமரி ஷீட் போடு, பளபளவென்று வை! இதையே பழைய அமெரிக்க ரிவால்வர் சேகரிக்கிறவரிடம் செய்து பாருங்கள், அடிக்க வந்துவிடுவார். மெருகு போட்டால் அதன் மதிப்பே போச்சு.

எனக்கு இந்தப் பைத்தியம் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்துப் பிடித்தது. மெக்கானிக்கல் சேர்ந்த பிறகு குதிரையும் தொப்பியும் மறந்துபோய், மெக்கானிசம்தான் கண்ணில் நிற்கிறது. 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஹேமரைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே ஒரு பால் (குடிக்கிற பால் இல்லீங்க!) ராட்செட்டைத் தள்ளி, சிலிண்டரைச் சரியாக 60 டிகிரி திருப்பும். உடனே ஒரு பூட்டுத்துண்டு பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். மில்லிங்கில் நாம் திணறித் திணறிப் போடுகிற இண்டெக்ஸிங்கை ஒரு கட்டைவிரல் முடித்துவிடுகிறது!

பட்டாளத்துக்குப் போனவற்றைப் பின்னால் திரும்ப வாங்கி, ஏழரை அங்குல பேரலை ஐந்தரையாக வெட்டி, பாகங்களைக் கலந்துகட்டிப் பூட்டினார்கள். ஆகவே வெட்டுப்படாமல், எல்லா நம்பரும் ஒத்து ஒன்று கிடைத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

1940 வரைக்கும் இந்த மாடலில் 3,50,000-க்கு மேல் செய்தார்கள். அதில் ஒன்று 2021 ஆகஸ்டில் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. 1881-ல் நியூ மெக்சிகோவில் ஷெரீப் பாட் காரெட், பில்லி த கிட்டைச் சுட்ட துப்பாக்கி அது. இரும்பு எல்லாம் ஒரே இரும்புதான், விலை காகிதத்துக்கு! காரெட் இறந்து பல வருஷம் கழித்து, 1930-களில் அவர் மனைவி கோர்ட்டில் வழக்குப் போட்டு அதை மீட்டார். அந்த வழக்கும் ஒரு சாட்சி.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அவரிடம் இதைச் சொன்னபோது, "ஒருத்தனக் கொன்னதுக்கா அவ்ளோ காசு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி இன்னொன்றும் உறுத்தியது. தாத்தா பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கள் வீட்டில் கிடையாது.

காகிதம் இல்லாதவர் கதை எங்கே நிற்கும்? 1876 ஜூன் 25-ல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, செயென் மக்கள் தோற்கடித்தார்கள். நடந்ததை அவர்கள் வாயால் சொல்லி வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருஷம் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினார்கள். கிடைத்த தோட்டா உறைகளில் ஃபயரிங் பின் பதித்த தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. அவற்றை ஒப்பிட்டே, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று மேப் போட்டுவிட்டார்கள். அந்த மக்கள் சொன்னதில் பலதும் அதோடு பொருந்தியது!

எங்கள் தாத்தா கொல்லர். அவர் சுத்தியல் அப்பாவின் பட்டறையில் இன்னும் கிடக்கிறது. போன லீவில் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடியில் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. என் வலது கைக்கு அது பொருந்தவே இல்லை.

"தாத்தா இடது கைக்காரரா அப்பா?"

"ஆமா... உனக்கு யார்றா சொன்னா?"

அந்தச் சுத்தியலுக்குப் புதுப் பிடி போட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.